மதுரைக் கோடையின் நிழலுக்கு என்ன நிறம்?

1874-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் நாதார் என்ற புகைப்படக் கலைஞர் காலி செய்துவிட்டுப் போயிருந்த ஒரு கூடத்தில், அரசாங்கக் கண்காட்சியின் நடுவர்களிடம் போய் நிற்க மனமில்லாத சித்திரக்காரர்கள் சுமார் முப்பது பேர் தங்கள் படங்களைத் தாங்களே காட்சிக்கு வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, க்ளோத் மோனே என்பவர் லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலையைத் தீட்டி, 'இம்பிரஷன், சூரியோதயம்' என்று பெயரிட்டிருந்த படம். அந்தப் பெயரையே பற்றிக்கொண்டு லூயி லெரோய் என்ற விமரிசகர் பரிகாசமாகச் சூட்டியதுதான் 'இம்பிரஷனிஸ்டுகள்' என்னும் பட்டம்; பரிகாசம் மறைந்து பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. அவர்கள் தீட்டியவை பெரும்பாலும் ஸேன் நதிக்கரையும், கோதுமை வயல்களும், பாப்பிச் செடிகள் பூத்துக் கிடந்த மேடுகளும், அவற்றின்மேல் விழுந்த கோடை வெயிலுமே. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த இன்றும், தைல வர்ணத்தில் கோடைக்கால நிலக்காட்சி தீட்ட முற்படுகிற சித்திரக்காரர், எந்தத் தேசத்தில் இருந்தாலும், தெரிந்தோ தெரியாமலோ அவர்களுடைய முறையைத்தான் கையாளுகிறார்: துண்டு துண்டான தூரிகை வீச்சுகள், கறுப்பே கலவாத நிழல்கள், மரத்தடியில் படரும் நீலமும் ஊதாவும்.

இதைக் குறை சொல்ல நான் முற்படவில்லை. வெயிலை வெயிலாகவே பார்த்து, பார்த்த இடத்தில் நின்றே தீட்டி முடிக்க வேண்டும் என்ற அந்த விரதத்தைப்போல நிலக்காட்சிக் கலைக்கு நன்மை செய்தது வேறொன்றும் இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மரத்தடியின் ஊதா நிழல் என்பது, வடக்கே 49-ஆவது அட்சரேகையை ஒட்டிய ஒரு பிரதேசத்தின் சூரியனும் ஆகாயமும் மண்ணும் சேர்ந்து அந்தச் சித்திரக்காரர்களுக்குக் காட்டிய உண்மை. பத்தாவது அட்சரேகைக்குச் சற்றே தெற்கில், யானைமலைக்கும் நாகமலைக்கும் நடுவே, வைகையின் வறண்ட மணலைத் தாங்கிக் கிடக்கிற நம்முடைய சமவெளியில் சூரியன் நிற்கும் இடமும் வேறு, ஆகாயத்தின் தன்மையும் வேறு, மண்ணும் வேறு. ஆகவே நிழலின் நிறமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். எவ்வாறு வேறு, எதனால் வேறு என்பதைப் பௌதிக சாஸ்திரம் மிகத் தெளிவாகவே சொல்லுகிறது.

முதலில், நிழலுக்கு நிறம் வருவது எங்கிருந்து என்பதைப் பார்ப்போம். அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் உள்ள நாயக்கர் காலத்துச் சித்திரங்களைப் பார்த்தவர்களுக்கு, அங்கே ஆட்களுக்கும் மரங்களுக்கும் தரையில் நிழல் விழுவதில்லை என்பது நினைவிருக்கும். அந்த மரபுக்கு நிழல் தேவைப்படவில்லை. நிழலைத் தீட்டிய ஐரோப்பியப் பழைய மரபோ, அதை ஒளியின் இன்மை என்றே கருதி, பழுப்பையும் கறுப்பையும் குழைத்துப் பூசிற்று. உண்மையில் நிழல் என்பது சூரியனுடைய நேர்க்கிரணங்கள் மட்டும் தடைப்பட்ட இடம். அங்கே ஆகாயம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிற ஒளி தாராளமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஆகாய ஒளி ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு, பின்னாளில் ராலே பிரபு என்று அறியப்பட்ட ஆங்கில விஞ்ஞானி 1871-இல் விடை கண்டார்: காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, ஒளியின் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இருக்கிறது, அதனால் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம், 650 நானோமீட்டர் உள்ள சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறுகிறது. (சமுத்திரத்தின் நீலமும் வெறும் ஆகாயப் பிரதிபிம்பம்தானா என்ற சந்தேகம் 1921-இல் மத்தியதரைக் கடலில் கப்பலில் சென்ற நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனுக்கு எழுந்ததும், அந்தச் சந்தேகம் 1928-இல் அவர் பெயர் தாங்கிய கண்டுபிடிப்பில் போய் முடிந்ததும் யாவரும் அறிந்த கதை.) தெளிந்த ஆகாயத்தின்கீழ் வெண்பனிமேல் விழுந்த நிழலை மோனே நீலமாகத் தீட்டியது கற்பனை அன்று, அளந்து பார்த்தாலும் அது நீலம்தான்.

இதோடு கண்ணின் சேஷ்டை ஒன்றும் சேர்ந்துகொள்ளுகிறது. பாரிஸில் கோபலின் கம்பள ஆலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்த செவ்ரேல் என்ற ரசாயன நிபுணர், சாயம் மங்கிக் காண்கிறது என்று வந்த புகார்களை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம், அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு நிறங்களில் ஒவ்வொன்றும் தன் எதிர்நிறத்தின் சாயலை மற்றதன்மேல் ஏற்றிக் காட்டும் என்பது. மஞ்சள் வெயிலுக்குப் பக்கத்தில் கிடக்கிற நிழல், உள்ளபடி இருப்பதைவிட அதிக ஊதாவாகத் தோன்றுவது இதனால்தான். பௌதிகம் பாதி, கண் பாதியாக உண்டானதே இம்பிரஷனிஸ்டுகளின் நிழல்.

இனி மதுரைக்கு வருவோம். மோனே வாழ்ந்த ஷிவெர்னி கிராமத்தில், வருஷத்திலேயே சூரியன் மிக உயர்ந்து நிற்கிற ஜூன் 21-ஆம் தேதி நண்பகலிலும் அது அடிவானத்திலிருந்து 64 டிகிரிக்குச் சற்று மேலேதான் ஏறுகிறது. அப்பொழுது 10 மீட்டர் உயரமுள்ள ஒரு மரம் வடக்கு நோக்கி ஏறக்குறைய 5 மீட்டர் நீளத்துக்கு நிழல் நீட்டுகிறது. மதுரையிலோ, சித்திரை பிறந்து இரண்டொரு நாளில், அதாவது ஏப்ரல் 15, 16 தேதிகளில், பகல் 12 மணி 17 நிமிஷத்துக்குச் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கிறது. (கடிகாரத்தில் 12 அடிக்கும்போது ஏன் இல்லை என்றால், நம் கடிகாரம் காட்டுவது மதுரையின் நேரம் அல்ல, அலகாபாத்தை ஒட்டிச் செல்லும் 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம்.) அந்த நிமிஷத்தில் தந்திக் கம்பத்துக்கு நிழல் இல்லை, கோபுரத்தின் நிழல் அதன் அடிவாரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வேப்பமரத்தின் நிழல் அதன் கிளைப்பரப்புக்குச் சரியாகக் கீழே ஒரு வட்டமாகக் குவிந்துவிடுகிறது. அன்றுமுதல் ஆகஸ்ட் மாதக் கடைசிவரையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது.

சித்திரக்காரருக்கு இது சாமானியமான விஷயம் அன்று. வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் உட்கார்ந்து தீட்ட வேண்டும், அங்கேதான் நேர்வெயில் படாமல் நாள் முழுவதும் மாறாத ஒளி கிடைக்கும் என்று ஐரோப்பியப் பாடப்புத்தகங்கள் போதிக்கின்றன. நம் கலைப் பள்ளிகளிலும் அது வேதவாக்காகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் மதுரையில் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி நான்கு மாதங்களிலும் அந்த வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் அறைக்குள் வந்துவிடும். ஒரு தேசத்தின் வானியலை வேறொரு தேசத்துக்கு விதியாக எடுத்துச் செல்லும்போது நேர்கிற பிசகுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சூரியன் தலைக்குமேல் நிற்பதால் உண்டாகும் மற்றொரு விளைவு இன்னும் ஆழமானது. சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, அதை நோக்கிய சுவரும் சமதரையும் சரிசமமாக வெயிலைப் பெறுகின்றன. உச்சிக்கு வந்துவிட்டாலோ தரை முழு வெயிலையும் வாங்கிக்கொள்ள, சுவர்மேல் நேர்க்கிரணம் ஏறக்குறைய படுவதே இல்லை. அப்படியானால் அந்தச் சுவரை வெளிச்சமாக்குவது எது? ஒரு தோராயமான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோடை நண்பகலில் தரையில் விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் என்றும், அதில் ஆகாயத்திலிருந்து சிதறி வருவது 15,000 லக்ஸ் என்றும் கொள்ளுவோம். செங்குத்தான சுவருக்கு ஆகாயத்தில் பாதிதான் தெரியும். ஆகவே மேலிருந்து அதற்குக் கிடைப்பது 7,500. அந்தச் சுவருக்கு எதிரே விரிந்து கிடக்கிற வெயிற்பட்ட செம்மண், தன்மேல் விழுந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்றால், அதில் பாதியாகிய 10,000 லக்ஸ் கீழிருந்து மேல் நோக்கி வந்து சுவரில் விழுகிறது. ஆகாயத்தைவிட அதிகமாக மண்ணே அந்தச் சுவருக்கு விளக்குப் பிடிக்கிறது! ஓட்டுக் கூரையின் இறவாணத்துக்கு அடிப்புறத்தையோ, தாழ்ந்த பூவரசங் கிளையின் அடியிலையையோ எடுத்துக்கொண்டால், அங்கே ஆகாய ஒளிக்கு வழியே இல்லை. முழுவதும் மண்ணின் ஒளிதான். அந்த ஒளி, மண்ணில் பட்டுத் திரும்பும்போது மண்ணின் நிறத்தையும் ஏற்றுக்கொண்டு வருகிறது.

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், செம்மண் முற்றத்துக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவரை நண்பகலில் அருகே நின்று பாருங்கள். சுவரின் அடிப்பகுதி, தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை, இளஞ்சிவப்புக் கலந்த மஞ்சளாக இருக்கும். இடுப்பு உயரத்தில் அது மெல்ல வெளிறும். இறவாணத்தின் அடியில், எல்லோரும் கறுப்பு என்று நினைக்கிற இடத்தில், பனஞ்சாத்துகளின்மேல் அரக்கு நிறமும் காவி நிறமும் ஒளிர்வதைக் காணலாம். அங்கே ஊதாவைத் தேடினால் கிடைக்காது. அதே சுவரைத் திருமங்கலத்துக்கு அப்பால் கரிசல் மண்ணில் எழுப்பியிருந்தால், காட்சி வேறாகிவிடும். கரிசல் தன்மேல் விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பினாலே அதிகம். ஆகவே அங்கே ஆகாய ஒளி மேலோங்கி, நிழல் குளிர்ந்து, சற்றே சாம்பல் நீலமாக மாறுகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் சித்திரக்காரரின் வர்ணத் தட்டில் அவை இரண்டு தனித்தனி தேசங்கள். செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்ஸைடே காவிக்கல்லின் நிறத்துக்கும், தைல வர்ண டியூபில் 'ரெட் ஆக்கர்' என்று எழுதி விற்கிற வர்ணத்துக்கும் காரணம். நிலத்தைத் தீட்டுவதற்கு நிலத்தின் பொருளே டியூபில் கிடைக்கிறது. கைக்கு எட்டிய இதை விட்டு, டயாக்ஸஸைன் ஊதாவைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராலே கண்ட நீலம் சுத்தமான காற்றின் நீலம். பங்குனி தொடங்கி மழை விழும்வரையில் நம் சமவெளியின் காற்றில் புழுதி மிதந்துகொண்டிருக்கிறது. ஒளியின் அலைநீளத்துக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ உள்ள தூசித் துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனால் நண்பகல் ஆகாயம் உச்சியில் மட்டும் வெளிறிய நீலமாக இருந்து, அடிவானத்தை நோக்கி இறங்க இறங்கப் பால்வெண்மையாகி, கடைசியில் மங்கிய மஞ்சளாகவே முடிகிறது. தூரத்து மலை நீலமாகத் தீட்டப்பட வேண்டும் என்ற பழைய விதி, மழை பெய்து ஓய்ந்த ஐப்பசியில் அழகர்மலைக்கும் சிறுமலைக்கும் பொருந்தும். சித்திரையில் அவை நீலமாவதில்லை, வெண்மையில் கரைந்துபோகின்றன. இந்தச் சமவெளித் தூசி எவ்வளவு வல்லது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், சூரியனை ஆராயச் சுத்தமான காற்றைத் தேடிப் போனவர்கள் 1899-இல் கொடைக்கானல் மலைமேல், கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஒரு வானாராய்ச்சி நிலையத்தை ஸ்தாபித்ததைச் சொல்லலாம். அதன் முதல் தலைவரான மிக்கி ஸ்மித், அதற்குமுன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, கிரகடோவா எரிமலை வெடித்த 1883-ஆம் வருஷத்துச் செப்டம்பரில் தென்னிந்திய ஆகாயத்தில் சூரியன் பச்சையாகத் தோன்றிய அதிசயத்தை ஆராய்ந்து எழுதியவர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த துகள்கள் சூரியனுக்கே நிறம் மாற்றும் என்றால், உழுத புஞ்சையிலிருந்து எழும் புழுதி ஒரு மலையின் நிறத்தை மாற்றுவதில் ஆச்சரியம் என்ன?

இத்தனை ஒளியையும் கான்வாஸில் கொண்டுவருவது எப்படி என்பது அடுத்த பிரச்சினை. இதுவே நிலக்காட்சிக் கலையின் ஜீவநாடி என்று நான் சொல்லுவேன். வெயிலில் கிடக்கும் வைகை மணலுக்கும், மைய மண்டபத்தின் உட்புற இருளுக்கும் உள்ள ஒளிவித்தியாசம் ஆயிரம் மடங்குக்குக் குறையாது. ஆனால் சித்திரக்காரரின் மிக வெண்மையான தைல வர்ணம் தன்மேல் படும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்புகிறது. மிகக் கறுத்த தைல வர்ணமும் 3 அல்லது 4 சதவீதத்தைத் திருப்பிவிடுகிறது. ஆகவே சித்திரக்காரர் கையில் உள்ள மொத்த மூலதனம் இருபத்தைந்து, முப்பது மடங்கு வித்தியாசம் மட்டுமே. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய மேதை, இயற்கையின் ஒளியை அப்படியே பிரதி செய்வது எந்தச் சித்திரக்காரராலும் ஆகாது, கண்ணின் பாஷையில் மொழிபெயர்க்கத்தான் முடியும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கினார். இம்பிரஷனிஸ்டுகள் செய்த மொழிபெயர்ப்பு என்னவென்றால், வெளிச்ச வித்தியாசத்தால் காட்ட முடியாததை நிற வித்தியாசத்தால் காட்டினார்கள். வெயிலை உஷ்ண நிறங்களாலும் நிழலைக் குளிர்ந்த நிறங்களாலும் பிரித்தார்கள்.

அது ஏன் பலிக்கிறது என்பதற்கு நரம்பியல் தருகிற விளக்கம் மிக அழகானது. மூளையில், பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்பதைக் கவனிக்கிற பகுதி வெளிச்ச வித்தியாசத்தை மட்டுமே அறியும்; அதற்கு நிறம் தெரியாது. பொருள் இன்னது என்று கண்டுகொள்ளுகிற பகுதி நிறத்தையும் அறியும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற அம்மையார், மோனேயின் அந்தச் 'சூரியோதய'ப் படத்தில் செந்நிறச் சூரியனும் அதைச் சூழ்ந்த சாம்பல் மேகமும் வெளிச்ச அளவில் ஏறக்குறைய சமமாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டால் சூரியன் காணாமலே போய்விடும். நிறத்தை அறிகிற பகுதி 'இதோ சூரியன்' என்கிறது. இடத்தை அறிகிற பகுதிக்கோ அங்கே ஒன்றுமில்லை. இந்த முரண்பாட்டினாலேயே அந்தச் சூரியன் துடிப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. மதுரைக் கோடையில் இந்தத் துடிப்பு வெளியிலேயே இருக்கிறது. காய்ந்த தரை 50 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது அதன்மேல் உள்ள காற்றின் அடர்த்தி கணந்தோறும் மாறி, ஒளிக்கதிர்கள் வளைந்து, ஒத்தக்கடைச் சாலையிலிருந்து பார்த்தால் யானைமலையின் அடிவாரம் நடுங்குகிறது. தார்ச்சாலையில் கானல்நீர் ஓடுகிறது. விளிம்புகளைக் கூர்மையாக முடிக்காமல் விடுகிற இம்பிரஷனிஸ்டுகளின் வழக்கத்துக்கு இந்தச் சமவெளியைவிடப் பொருத்தமான இடம் பிரான்ஸில்கூட இருக்குமா என்பது சந்தேகம்.

சாயங்காலத்தின் நிலைமை வேறு. ஷிவெர்னியில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்ந்து சரிந்து இறங்குவதால், அஸ்தமனத்துக்குப் பின்னும் 40 நிமிஷத்துக்கு மேல் நல்ல வெளிச்சம் நீடிக்கிறது. மதுரையில் சூரியன் அடிவானத்தில் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால், சித்திரை மாதத்துச் சந்தி வெளிச்சம் 21 நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மாலை நிறங்களை அங்கேயே நின்று தீட்ட விரும்புகிறவருக்கு அவகாசம் அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷங்களுக்குள் கண்ணிலும் ஒரு மாறுதல் நிகழ்கிறது. நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு அணுக்கள் சுமார் 60 லட்சம். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் அணுக்கள் சுமார் 12 கோடி. ஒளி குறையக் குறையப் பார்க்கும் பொறுப்பு முன்னவற்றிடமிருந்து பின்னவற்றுக்கு மாறுகிறது. பின்னவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, பச்சையும் நீலமும் நன்றாகத் தெரியும். அதனால்தான் பகலில் கண்ணைப் பறித்த மயில்கொன்றைப் பூ அந்தியில் கறுத்துப்போக, அதன் இலைகள் வெளுத்து நிற்கின்றன.

கோல் அணுக்கள் என்றதும், மதுரை பெற்ற சித்திரக்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1936-இல் மதுரையில் பிறந்து 2022-இல் மறைந்த மனோகர் தேவதாஸ் ரசாயனம் படித்தவர். தாம் சிறுவயதில் கண்ட மதுரையின் கோபுரங்களையும் மலைகளையும் வயல்களையும் பேனா மையினால் நுட்பமான கோடுகளாக வரைந்தவர். ரெடினைடிஸ் பிக்மென்டோசா என்ற வியாதி அவருடைய கோல் அணுக்களை முதலில் தாக்கி, பார்வையின் எல்லையை ஓரங்களிலிருந்து சிறுகச் சிறுகச் சுருக்கிக்கொண்டே வந்தது. எஞ்சியிருந்த சிறு வட்டப் பார்வையைக் கொண்டு, பலத்த விளக்குகளையும் பூதக்கண்ணாடிகளையும் துணையாக வைத்துக்கொண்டு அவர் வரைந்தார். அரசாங்கம் 2020-இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. வர்ணமே இல்லாத அவருடைய படங்களில் மதுரையின் வெயில் அடிக்கிறது என்பதை, வெளிச்ச வித்தியாசத்தின் ஆட்சிக்கு மிகச் சிறந்த நிரூபணமாக நான் மதிக்கிறேன்.

மோனேக்கும் கண்ணால் துன்பம் உண்டாயிற்று. 1912-இல் அவருக்குக் கண்புரை இருப்பது தெரிந்தது. புரை பழுத்த கண்வில்லை நீலத்தைத் தடுத்து மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் உள்ளே விடுவதால், அடுத்த பத்து வருஷத்துப் படங்களில் பழுப்பும் செம்மையும் மிகுந்துவிட்டன. 1923-இல் வலது கண்ணில் சிகிச்சை நடந்தபின், எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று அவர் முறையிட்டார். அந்தக் காலத்தில் எடுத்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்க வேறு வில்லை கிடையாது. இன்று அந்த வில்லைகளை உலகத்தின் பல தேசங்களுக்கு ஏராளமாகச் செய்து அனுப்புகிற இடங்களில் ஒன்று மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992 முதல் ஆரோலாப் என்ற நிறுவனம் அவற்றைத் தயாரித்து வருகிறது. புரை நீக்கிக்கொண்டு வீடு திரும்பும் நம் கிராமத்துப் பெரியவர்கள், வேஷ்டி இவ்வளவு வெள்ளையா, வானம் இவ்வளவு நீலமா என்று வியப்பதில் ஒரு பௌதிக உண்மை இருக்கிறது. நிறம் என்பது வெளியே பாதி, கண்ணுக்குள்ளே பாதி.

தைல வர்ணத்தின் ரசாயனத்தையும் ஓரளவு சொல்லிவிடுகிறேன். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் தகர டியூபைக் கண்டுபிடித்திராவிட்டால், இம்பிரஷனிஸ்டுகள் வயல்வெளிக்குப் போயிருக்க முடியாது. அவர்கள் காலத்துக்குள் விலைகுறைந்த செயற்கை நீலமும், கோபால்ட் நீலமும், 1859-இல் விரிடியன் பச்சையும் வந்துவிட்டன. இவற்றைக் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் ஈரம் உலர்வதுபோல் உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. அந்தப் பின்னலுக்கு வேண்டிய இடங்கள் ஓர் எண்ணெயில் எத்தனை உள்ளன என்பதை அயோடின் எண் காட்டும்: ஆளிவிதைக்கு 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டி, தேங்காயெண்ணெய்க்கு 10-ஐச் சுற்றி. நம் அடுக்களை எண்ணெய்களில் சித்திரம் காயாததற்குக் காரணம் இதுவே. உஷ்ணம் ஏறினால் ரசாயன வேகமும் ஏறும். ஆகவே 40 டிகிரி வெயிலில் வர்ணம் சீக்கிரமே ஆடை கட்டிக்கொள்ளுகிறது, ஈரத்தின்மேல் ஈரமாகத் தீட்டுகிற முறைக்கு அவகாசம் குறைகிறது, புழுதியும் வந்து ஒட்டிக்கொள்ளுகிறது. கசகசா எண்ணெயிலோ குசும்பா எண்ணெயிலோ அரைத்த வெள்ளையை எடுத்துப் போனால் அது மெதுவாகக் காயும். அந்த வெள்ளையில் உள்ள டைட்டேனியத்தின் மூலப்பொருளான இல்மனைட் மணல், நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது.

நம் நாட்டு நிலத்தைத் தைல வர்ணத்தில் தீட்டியவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மாணவர்களை வெளியே போய்த் தீட்டச் செய்தார். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் நிலக்காட்சிகளில்தான் தொடங்கினார். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம், கோட்டோவியங்களால் பெயர் பெற்றபின், பிற்காலத்தில் தைல வர்ணத்தில் பெரிய நிலவெளிகளைத் தீட்டினார். மரமும் வீடும் அடையாளம் தெரியாத அந்தப் படங்களில், மண்ணின் உஷ்ணம் மட்டும் தெளிவாக அடையாளம் தெரிகிறது. பிரான்ஸின் விடையைப் பிரதி செய்யாமல், அந்தச் சித்திரக்காரர்கள் கேட்ட கேள்வியை நம் மண்ணைப் பார்த்துக் கேட்டவர் அவர் என்பது என் தீர்மானம்.

ஒன்று குறையாகவே இருக்கிறது. 1890-இலும் 1891-இலும் மோனே தம் வீட்டருகே நின்ற தானியப் போர்களை வெவ்வேறு பொழுதிலும் பருவத்திலும் சுமார் 25 படங்களாகத் தீட்டினார். நட்சத்திரங்களின் வாழ்வை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற நம் சுப்ரமணியன் சந்திரசேகர், 1992 டிசம்பரில் புனே நகரத்து வானியல் ஆய்வு நிலையத்தின் அர்ப்பண விழாவில் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மோனேயின் வரிசைப் படங்களும் பொதுச் சார்பியலின் நிலக்காட்சியும் என்பது. ஒரே பொருள் ஒளி மாற மாற வேறு வேறாகத் தெரிவதை ஒழுங்காகப் பதிவு செய்கிற அந்தச் சித்திரக்காரரின் முறையில், தம் கணித ஆராய்ச்சியின் சாயலை அவர் கண்டார். மேலூர்க் கால்வாய்ப் பாசனத்து வயல்களில் அறுவடைக்குப் பின் மாசியிலிருந்து ஆடிவரை வைக்கோற்போர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை, ஒரே இடத்தில் நின்று, இவ்விதம் வரிசையாகத் தீட்டும் வேலைக்கு மதுரையின் சித்திர மாணவர்கள் முன்வர வேண்டும். ஒவ்வொரு கான்வாஸின் பின்புறத்திலும் தேதி, மணி, ஆகாயத்தின் நிலை, மண்ணின் நிறம் நான்கையும் எழுதிவைத்தால், அது கலைக்கும் சாஸ்திரத்துக்கும் ஒருங்கே சொத்தாகும்.

தூரிகை பிடிக்காதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு, செம்மண் தரையில் நிற்கும் ஏதேனும் ஒரு மரத்தின் நிழலுக்குள், அதன் விளிம்புக்கு அருகே நண்பகலில் போய் நில்லுங்கள். காகிதத்தை முதலில் ஆகாயம் நோக்கியும், பிறகு கவிழ்த்துப் பிடித்து வெயிற்பட்ட தரையை நோக்கியும் வைத்து, அதன் முகத்தில் தெரியும் நிறம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சூரியன் தலைக்கு நேராக நிற்கும் ஏப்ரல் நாளில் செய்வது உத்தமம். அதைத் தவறவிட்டவர்களுக்கு, ஆகஸ்ட் 27-ஆம் தேதி பகல் 12 மணி 19 நிமிஷத்துக்கு அதே சூரியன் மறுபடியும் மதுரையின் உச்சிக்கு வருகிறது.